நெகட்டிவில் எத்தனை மெகாபிக்சல்?

கைத்தொலைபேசி வாங்கப் போகும் எவரும் இன்று முதலில் கேட்பது, "கெமரா எத்தனை மெகாபிக்சல்?" என்பதைத்தான். 50 என்றால் நல்லது, 108 என்றால் இன்னும் நல்லது என்று கடைக்காரரும் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு நடந்தபோது தம்பி இன்னொரு கேள்வியைக் கேட்டான்: "அப்ப வாப்பாட பழைய பிலிம் கெமரா எத்தன மெகாபிக்சல்?" நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவள் என்பதால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். விடையைத் தேடப் போனபோதுதான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்று விளங்கியது. பழைய அல்பங்களும் நெகட்டிவ் உறைகளும் அலுமாரியில் கிடக்கும் எந்த வீட்டுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிலிமில் பிக்சலே கிடையாது. டிஜிட்டல் கெமராவுக்குள் இருக்கும் உணரியை எங்கள் புத்தளத்து உப்பளத்தைப் போல நினைத்துக்கொள்ளலாம். ஒரே அளவான பாத்திகள், வரிசை வரிசையாக வரம்பு கட்டி அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாத்தியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று அளந்து ஓர் எண்ணாக எழுதிவைப்பதுதான் கெமராவின் வேலை. பாத்திகளை எண்ணிவிடலாம். பத்து இலட்சம் பாத்திகள் என்றால் ஒரு மெகாபிக்சல். பிலிமோ கடற்கரை மணலைப் போன்றது. ஜெலற்றின் படலம் ஒன்றுக்குள் வெள்ளிப் புரோமைட்டு போன்ற உப்புகளின் நுண்ணிய பளிங்குகள் சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கில்லாமல் பரந்து கிடக்கும். ஒளி பட்ட பளிங்குகள் இருட்டறையில் கழுவும்போது கறுத்த வெள்ளி மணிகளாக மாறுகின்றன. மணலை எண்ணி மெகாபிக்சல் சொல்ல முடியாது.

ஆகவே இரண்டையும் ஒப்பிட வேறொரு அளவுகோல் வேண்டும். விஞ்ஞானிகள் பயன்படுத்துவது கோடுகளை. கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு, மறுபடி கறுப்பு, வெள்ளை என்று நெருக்கமாக வரைந்த தாளொன்றைப் படம் பிடிப்பார்கள். கோடுகள் நெருங்க நெருங்க, ஓரிடத்தில் அவை கலந்து சாம்பல் நிறப் பரப்பாகிவிடும். கலப்பதற்கு முன்னர் ஒரு மில்லிமீற்றருக்குள் எத்தனை கோட்டுச் சோடிகளைப் பிரித்துப் பார்க்க முடிந்தது என்பதே பிரிதிறன். ஒரு சோடியைப் பதிய குறைந்தது இரண்டு பிக்சல் தேவை, கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. இந்த இரண்டைப் பிடித்துக்கொண்டால் பிலிமை மெகாபிக்சலாக மாற்றும் கணக்கைச் சாதாரண தர மாணவியும் செய்யலாம்.

கடைகளில் அதிகம் விற்ற பூஜிகலர் சுப்பீரியா 400 ரக வர்ணப் பிலிமை எடுத்துக்கொள்வோம். அதன் தரவுத்தாளில் பிரிதிறனுக்கு இரண்டு எண்கள் உள்ளன: 125 சோடி, 50 சோடி. முதலாவது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் 1000 மடங்காக இருக்கும்போது கிடைப்பது. இரண்டாவது, வித்தியாசம் 1.6 மடங்காக மட்டும் இருக்கும்போது கிடைப்பது. சாதாரண பிலிம் சட்டமொன்று 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. 125 சோடியை வைத்துக் கணக்கிட்டால் 9000 × 6000, அதாவது 54 மெகாபிக்சல். 50 சோடியை வைத்துக் கணக்கிட்டால் 3600 × 2400, ஏறக்குறைய 8.6 மெகாபிக்சல். பிலிமை விரும்புகிறவர்கள் முதல் எண்ணைச் சொல்வார்கள், டிஜிட்டலை விரும்புகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் வாதம் முடிவதே இல்லை.

எனக்கு இரண்டாவது எண்ணே நியாயமாகப்படுகிறது. மனித முகத்தில் கன்னத்துக்கும் மூக்கின் நிழலுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம் இல்லை. சேலையின் மடிப்பிலும் இல்லை. நாம் பார்த்து மகிழும் விபரங்களில் பெரும்பாலானவை மெல்லிய வித்தியாசங்களால் ஆனவை.

அந்த 8.6 மெகாபிக்சலும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. பிலிமுக்கு முன்னால் ஒரு வில்லை இருக்கிறது. வில்லைக்கும் தனிப் பிரிதிறன் உண்டு. இரண்டும் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு ஒரு அண்ணளவான சூத்திரம் இருக்கிறது. அது சமாந்தரமாகத் தொடுத்த தடைகளின் சூத்திரத்தையே ஒத்தது: தலைகீழ் எண்களைக் கூட்டி, மறுபடி தலைகீழாக்க வேண்டும். பிலிம் 50, வில்லை 50 என்றால் இரண்டும் சேர்ந்து கிடைப்பது 25 மட்டுமே. அப்போது படம் 1800 × 1200, ஏறக்குறைய 2.2 மெகாபிக்சல். வாப்பா வைத்திருந்தது பிளாஸ்டிக் வில்லை பொருத்திய, குவியத்தைத் திருத்த முடியாத சிறிய கெமரா. தம்பியின் கேள்விக்கு என் விடை: இரண்டு மெகாபிக்சல், கை ஆடாமல் இருந்திருந்தால். தம்பிக்குப் பெரிய சந்தோஷம், வாப்பாவுக்கு அவ்வளவாக இல்லை.

படம் பதியும் பொருள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் படம் அவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு எங்கள் நாட்டோடு தொடர்புடைய ஒரு உதாரணம் உண்டு. புகைப்பட வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கமெரோன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். களுத்துறையிலும் அவர் படம் எடுத்திருக்கிறார். அவர் பயன்படுத்திய கண்ணாடித் தட்டுகளில் பெரியவை 15 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம். நமது பிலிம் சட்டத்தைப் போல 130 மடங்குக்கும் அதிகமான பரப்பு. ஈரக் கொலோடியன் பூசிய அந்தத் தட்டுகளில் மணிகள் கண்ணுக்கே தெரியாது. அப்படியிருந்தும் அவருடைய படங்கள் மங்கலானவை என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். எதிரே இருப்பவர் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும், யாரால் முடியும்? குவியத்தையும் அவர் வேண்டுமென்றே மென்மையாக விட்டார். அந்த மங்கலுக்காகவே இன்று அவற்றைக் கொண்டாடுகிறார்கள் என்பது வேறு கதை.

டிஜிட்டல் பக்கத்துக்கு வருவோம். பெட்டியில் 108 மெகாபிக்சல் என்று எழுதியிருக்கும் தொலைபேசிகள் சிலவற்றில் ஒரு பிக்சலின் அகலம் 0.7 மைக்ரோமீற்றர். பச்சை ஒளியின் அலைநீளமோ 0.55 மைக்ரோமீற்றர். பாத்தி ஏறக்குறைய ஒளியலையின் அளவுக்கே சிறுத்துவிட்டது. இங்கே ஒளியின் கோணல் குறுக்கே வருகிறது. சிறிய துவாரத்தினூடாகச் செல்லும் ஒளி விரிவடைவதால், எவ்வளவு சிறந்த வில்லையும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே குவிக்க முடியாது. சிறு வட்டமாகவே குவிக்கும். தொலைபேசிகளில் வழக்கமான f/1.8 வில்லைக்கு அந்த வட்டத்தின் விட்டத்தைக் கணக்கிட்டால் 2.4 மைக்ரோமீற்றர் வருகிறது. ஆகவே ஒரு புள்ளி ஒளி, மூன்று பிக்சல்களுக்கும் அதிகமான அகலத்தில் பரவிக் கிடக்கும். இதை நன்கு அறிந்துதான் தயாரிப்பாளர்கள் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, வழக்கமான படத்தை 12 மெகாபிக்சலாகத் தருகிறார்கள். 50 மெகாபிக்சல் தொலைபேசியும் நான்கு நான்காகச் சேர்த்து 12.5 க்கே வந்து நிற்கிறது. சேர்ப்பதால் இருட்டில் படம் சுத்தமாக வரும், அது உண்மையான நன்மை. பெட்டியில் பெரிதாக எழுதுவது மட்டும் சேர்ப்பதற்கு முந்திய எண்ணை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பாத்தியும் ஒரு நிறத்தையே அளக்கிறது. கொடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மற்ற இரண்டு நிறங்களையும் கெமரா பக்கத்துப் பாத்திகளைப் பார்த்து ஊகிக்கிறது. ஆகவே டிஜிட்டலின் 12 மெகாபிக்சலும் முழுமையான 12 அன்று.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தினசரிப் பத்திரிகையைச் சுவரில் ஒட்டி, மூன்று மீற்றர் தள்ளித் தொலைபேசியை ஒரு கதிரையின் மேல் அசையாமல் வைத்து, 12 மெகாபிக்சல் முறையில் ஒரு படமும் 50 மெகாபிக்சல் முறையில் ஒரு படமும் எடுத்தேன். இரண்டாவது கோப்பு பல மடங்கு இடத்தைப் பிடித்தது. முற்றத்து வெயிலில் எடுத்தபோது சிறிய எழுத்துகள் அதில் சற்றுத் தெளிவாக இருந்தன. மாலையில் வீட்டுக்குள் எடுத்தபோது இரண்டிலும் அதே வரி வரைதான் வாசிக்க முடிந்தது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது. சாதாரண 35 மில்லிமீற்றர் வர்ணப் பிலிமை இன்றைய நல்ல டிஜிட்டல் கெமரா விபரத்தில் வென்றுவிட்டது. 24 மெகாபிக்சல் உணரியும் நல்ல வில்லையும் இருந்தால் அதில் சந்தேகமே வேண்டாம். பூஜியின் வெல்வியா 50 போன்ற நுண்மணிப் பிலிம் மட்டும், 80 சோடி, அதாவது 22 மெகாபிக்சல் கணக்கோடு, பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் ஒன்றில் நெகட்டிவ் பிலிம் இன்னமும் மரியாதைக்குரியது. நண்பகலில் உப்புக் குவியலைத் தொலைபேசியால் எடுத்துப் பாருங்கள், குவியலின் வெயில் படும் பக்கம் வெறும் வெள்ளையாகிவிடும். பாத்தி நிரம்பி வழிந்த பின் அதில் எவ்வளவு விழுந்தது என்று சொல்ல முடியாதல்லவா? நெகட்டிவ் பிலிமோ அதிக ஒளியைப் பொறுத்துக்கொண்டு மெதுவாகவே நிரம்பும். மணப்பெண்ணின் வெள்ளைச் சேலையில் சரிகை தெரிவது பழைய படங்களில்தான் என்று உம்மா சொல்வது வெறும் பழைய நினைவல்ல.

பிலிம் பெரிதாகிவிட்டாலோ கணக்கே மாறிவிடும். இலங்கையில் 1956 இல் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட நில அளவைப் படங்கள் 1:40,000 அளவிடையில் அமைந்தவை. இத்தகைய விமானப் படங்களுக்கான பிலிம் சட்டம் ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர் சதுரம். முந்தல் களப்போரம் 40 மீற்றர் நீளமான ஒரு கண்டல் பற்றை, அதில் ஒரு மில்லிமீற்றராக விழும். மில்லிமீற்றருக்கு 25 சோடி என்று குறைத்தே வைத்தாலும், நிலத்தில் ஒரு மீற்றருக்கும் குறைவான புள்ளிகள் கிடைக்கும். 1972 இல் ஏவப்பட்ட முதலாவது லான்ட்சாற் செய்மதி எண்களாக அனுப்பிய படத்தில் ஒரு பிக்சல் நிலத்தில் சுமார் 80 மீற்றர். அதே கண்டல் பற்றை அதில் ஒரு பிக்சலில் பாதிகூட இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது எவ்வளவு கண்டல் காடு அழிந்தது என்று பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு, ஆதியில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடியவையாக இருந்தவை இத்தகைய பழைய பிலிம்களே.

இனி அலுமாரியைத் திறப்போம். எனது உம்மும்மா எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு வள்ளத்தில் வந்தவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. கலியாண அல்பம் அங்கேயே நின்றுவிட்டது. காணி உறுதிகளைச் சுற்றிக் கொண்டுவந்த துணிக்குள் மட்டும் ஒரு கடித உறை இருந்திருக்கிறது. அதற்குள் மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். அவை படங்கள் என்றே யாரும் எண்ணாததால் முப்பது வருடங்களுக்கு மேல் உறுதிகளோடு உறுதிகளாகக் கிடந்தன.

அவை 35 மில்லிமீற்றர் அல்ல. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் யஷிக்கா போன்ற இரட்டை வில்லைக் கெமராவில் போட்ட, ரோலுக்குப் பன்னிரண்டு படம் எடுக்கும் 120 பிலிம். ஒரு சட்டம் 56 மில்லிமீற்றர் சதுரம், சாதாரண பிலிமைப் போல மூன்றரை மடங்குப் பரப்பு. ஒன்றில் 1974 இல் எடுத்த குடும்பப் படம். நடுவில் மாப்பிள்ளை, இடது ஓரத்தில் உம்மும்மாவின் வாப்பா. அவருடைய படம் வேறெதுவும் எங்களிடம் இல்லை. அல்பத்தில் இருந்த சிறிய பிரதியில் அவர் முகம் ஒரு மிளகு அளவுதான் இருந்தது என்று உம்மும்மா சொல்வார்.

கணக்கைப் பாருங்கள். வரிசையாக நின்றவர்கள் ஏறக்குறைய நான்கு மீற்றர் அகலத்தை நிரப்பியிருக்கிறார்கள். 15 சென்ரிமீற்றர் அகலமான ஒரு முகம் நெகட்டிவில் 2.1 மில்லிமீற்றர். கெமரா முக்காலியில் நின்றது, வில்லை கண்ணாடி. மில்லிமீற்றருக்கு 30 சோடி என்று குறைத்தே வைத்தால், அந்த முகத்தின் குறுக்கே 126 பிக்சல். முழுப் படமும் 11 மெகாபிக்சல். கொழும்பில் இருக்கும் மாமா பிலிம் தட்டுள்ள ஸ்கேனரில் ஓர் அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் அதைப் பதிந்தார். கணினித் திரையில் முகம் உள்ளங்கை அளவுக்கு வந்தபோது, அவருடைய மூக்குக்கண்ணாடியின் கால் ஒன்றில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருப்பது தெரிந்தது. "நூல்" என்றார் உம்மும்மா. "உடஞ்சு போச்சு, புதுசு வாங்கச் சொன்னா வாங்க மாட்டாங்க." கண்ணாடி போட்டிருந்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகம். நூல் உம்மும்மாவுக்கே அன்றுதான் ஞாபகம் வந்தது.

மாமா முதலில் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தார். வழக்கமான முறையில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் நீளப்பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருக்கிவிடும். முகத்துக்குக் கிடைத்தது 60 பிக்சல். அதில் நூல் இல்லை. பிறகு ஆவணமாக, அதாவது 'டொக்கியுமென்ட்' என்ற வழியில் அனுப்பியபோதுதான் முழுக் கோப்பும் வந்தது. எங்கள் ஊரில் பலரும் பழைய படங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்வது இதுதான்: அல்பத்துப் படத்தைத் தொலைபேசியால் படம் பிடிப்பார்கள், குடும்பக் குழுவில் போடுவார்கள், அசல் கறையான் தின்ன விடுவார்கள். பிரதி நெகட்டிவை விடக் குறைவு, பிரதியின் படம் அதைவிடக் குறைவு, குழுவில் சுற்றியது எல்லாவற்றிலும் குறைவு.

வீட்டிலே நெகட்டிவ் இருந்தால் அதையே பிடியுங்கள். ஓரத்தில் மட்டும் தொட வேண்டும், விரல் ரேகை படக்கூடாது. வாயால் ஊதினால் எச்சில் படும், காற்றுக் குமிழால் ஊதுங்கள். எங்கள் கரையோரத்து ஈரக் காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், ஆகவே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் காகித உறையில், உலர்ந்த உயரமான இடத்தில் வைப்பது நல்லது. உறையைத் திறக்கும்போது வினாகிரி வாசம் வந்தால் பிலிமின் அசற்றேற் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதை மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளையில் படமாக இருப்பது வெள்ளி என்பதால் அது நீண்ட காலம் நிற்கும். வர்ண நெகட்டிவில் மிஞ்சுவது சாயம் மட்டுமே, அது வருடத்துக்கு வருடம் வெளிறுகிறது. ஆகவே 1974 இன் கலியாணத்தை விட 1994 இன் கலியாணமே அவசரமானது.

சாதாரண வர்ண நெகட்டிவுக்கு ஓர் அங்குலத்துக்கு 2400 முதல் 3200 புள்ளி போதும். 2400 இல் ஏறக்குறைய 7.7 மெகாபிக்சல் கிடைக்கும். ஸ்கேனர் பெட்டியில் 9600 என்று எழுதியிருந்தால், தொலைபேசிப் பெட்டியின் 108 ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெண்களின் படங்களை ஒரு கடைக் கணினியில் விட்டுவர விருப்பமில்லை என்று பல பெற்றோர் சொல்வார்கள், அது நியாயமான கவலை. ஸ்கேனர் இல்லாமலும் வேலை நடக்கும். மடிக்கணினியின் திரையை முழு வெள்ளையாக்கிக் கிடத்தி, அதற்கு மேல் நான்கைந்து சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் நெகட்டிவை வையுங்கள். திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் பிக்சல்களே படத்தில் விழும். அறையை இருட்டாக்கி, நெகட்டிவுக்கு நேர் மேலே தொலைபேசியைப் புத்தகங்களின் மேல் அசையாமல் நிறுத்தி, நொடி எண்ணும் வசதியால் படம் எடுத்து, பிறகு நிறங்களைத் தலைகீழாக்க வேண்டும். ஸ்கேனரின் தரம் வராது, ஆனாலும் அல்பத்துப் பிரதியை விட அதிகம் வரும். இப்படி எடுத்தபோது, மற்ற இரண்டு நெகட்டிவ்களில் ஒன்றில் எருக்கலம்பிட்டி வீட்டின் முன்வாசல் இருப்பது தெரிந்தது. கதவு நிலையில் ஏதோ எழுதியிருக்கிறது. தொலைபேசிப் படத்தில் வாசிக்க முடியவில்லை. மாமா அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதைக் கொழும்புக்குக் கொண்டுபோவார்.